கைதட்டலுக்கு முன்னால்

பிப்ரவரி 11

தம்பி பொண்டாட்டிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதல. நீ நல்லாத்தான் இருப்பே, அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. போன்ல கேக்கலாம்னா, எடுத்த உடனே நடுவுல யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. அவங்களுக்கு ஓசியில கதை சொல்ல நான் தயாரா இல்ல. அதான் லெட்டர்.

நீ பேசினது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம சேனல்ல போயிடுச்சு. போட்டது நான்தான். மனசில்லாமத்தான் போட்டேன். உனக்காக இல்ல. சுவத்துல எழுதியிருக்கிறதுக்காக. "யார் வந்தாலும் கால் மணி நேரம். யார் பேச்சையும் வெட்ட மாட்டோம்." டயர் கடைக்கு மேல அந்த ஒரு ரூமைப் பிடிச்ச அன்னிக்கு பெயிண்டர் அண்ணன் ஏணி போட்டு எழுதினார். ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் என் தம்பி, உன் புருஷன். ஞாபகம் இருக்கோ என்னவோ.

கேபிள்காரர் பாவம் பார்த்துக் கொடுத்த ஒரு நம்பர். நாலு தெருவுக்குத் தெரியும், அவ்வளவுதான். பொம்மை ஆட்டுற என் தம்பி, போர்டு எழுதுறவர், கல்யாண வீடியோ வெட்டிக்கிட்டிருந்த நான். இப்படி வேலைவெட்டி இல்லாத கலைஞர்கள் சேர்ந்து நடத்தின டிவி. ஆனா போலீஸ்கிட்ட அடி வாங்கினவங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்களும் நம்மகிட்டதான் வந்தாங்க. பெரிய டிவிக்காரங்க அவங்க பேச்சை நறுக்கிப் போட்டப்போ நாம முழுசாப் போட்டோம். அதனாலதான் கோர்ட்டே நம்ம ரெக்கார்டிங்கைக் கேட்டு வாங்குது.

அந்த நாற்காலியில உக்காந்து நீ சொல்றே: "என் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா இதயக் கோளாறு. ஸ்டேஷன்ல அவரை யாரும் தொடலை. நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க."

இதயக் கோளாறாம். ஸ்பீக்கர் பெட்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டு மாடி ஏறுறவன். பாதிப் படியில நின்னு டயர்காரரோட அரட்டை வேற. அவனுக்கு இருந்த ஒரே கோளாறு வாய். ஸ்டேஷன்ல செத்துப் போனவங்க வீட்டுக்குப் போய், அவங்க போட்டிருந்த ஷூவைக் கேட்டு வாங்கிட்டு வந்து, ஷூ நாக்கை ஆட்டி ஆட்டிப் பேச வச்சானே, அந்த வாய். இன்ஸ்பெக்டர் பொம்மைக்கு மட்டும் புது பூட்ஸ். அது நடந்த நடையைப் பார்த்து நாலு தெருவும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது. சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க, திரும்பி வந்தது உடம்புதான்.

அவனை அடக்கம் பண்ணின ஈரம் காயல, நீ வந்து அப்படிப் பேசிட்டு, என் முகத்தைக் கூடப் பார்க்காம பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிட்டே.

அவன் ஷூ என்கிட்டதான் இருக்கு. லேஸை உருவிட்டுக் கொடுத்தாங்க. உங்க அம்மா மூலமா கேட்டு விட்டிருக்கியாம். தர மாட்டேன்.

அவனோட அக்கா


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

உங்க லெட்டரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். லாண்டரியில இஸ்திரி போடும்போது கூட அதே நினைப்பு. ஒரு சட்டையைத் தீய்ச்சுட்டேன். முதலாளி திட்டினார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது.

கோபத்துல எழுதியிருக்கீங்க, அது தெரியுது. ஆனா ஏன் கோபம்னுதான் எனக்குப் புரியல. நான் முதல்ல சொன்னதை நீங்க கேக்கலையா?

எல்லாரும் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுத்தான் அண்ணி நான் நிம்மதியா பஸ் ஏறினேன். சொன்னா சிரிப்பீங்க, நீங்க எனக்கு ஒரு சபாஷ் போடுவீங்கன்னு கூட நினைச்சேன். உங்க முகத்தைப் பார்க்காம வந்தது, பார்த்தா அழுதுடுவேன்னுதான். அழுதா படியில நின்னவருக்குச் சந்தேகம் வந்துடும்.

இங்க நம்ம சேனல் தெரியாது. அங்க நம்ம எதிர்வீட்டு அக்கா அம்மாவுக்கு போன் பண்ணி, "உன் பொண்ணு செத்தவனையும் வித்துட்டாளே"ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்களாம். பாதியிலேர்ந்து பார்த்திருப்பாங்க, முதல்ல இருந்ததை விட்டிருப்பாங்கன்னு அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். இப்ப நீங்களும் அதே மாதிரி எழுதினா நான் என்னன்னு எடுத்துக்கறது?

முழுசாப் போட்டீங்களா இல்லையா? அதை மட்டும் எழுதுங்க.

ஷூ உங்ககிட்டயே இருக்கட்டும். சண்டை வேண்டாம்.

குட்டிக்கு ஜலதோஷம். வேற ஒண்ணுமில்ல.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 24

ஏம்மா,

என்ன முதல் பேச்சு? எனக்குக் காது குத்திப் பல வருஷம் ஆச்சு, புதுசா நீ குத்த வேண்டாம்.

நடந்ததை நான் சொல்றேன். நீ வந்தே. கூடவே ஒட்ட வெட்டின முடியும் மீசையுமா ஒருத்தன், சட்டை வெளிய விட்டிருந்தா மட்டும் போலீஸ் இல்லைன்னு ஆயிடுமா. அவன் வாசல் படியிலேயே நின்னுட்டான். நீ யார் பக்கம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் எப்பவும் போல உனக்கு மைக் மாட்டினேன், கேமராவை ஆன் பண்ணினேன், படிக்குப் போய் டயர்காரரைக் கூப்பிட்டு கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன். அந்தக் காத்தடிக்கிற மெஷின் ஓடினா நம்ம ரூம்ல பக்கத்துல பேசறது கூடக் கேக்காதே. நின்ன உடனே உள்ள வந்து, ஆரம்பிக்கலாம்னு கைதட்டினேன். நீ பேச ஆரம்பிச்சே. கைதட்டினதுலேர்ந்து நீ எழுந்த வரைக்கும் ஒரு எழுத்து குறையாம போட்டேன்.

ஊர் காறித் துப்பின உடனே ஒரு புதுக் கதை. முதல்ல சொன்னாளாம், எல்லாரும் கேட்டாங்களாம். நல்லா இருக்கு.

நீ அப்படிப்பட்டவ இல்லைன்னு பெயிண்டர் அண்ணன் சொல்றார். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். உனக்கு அவனைக் கட்டி வைக்கச் சொல்லி எங்க அப்பாகிட்ட மல்லுக்கு நின்னவளே நான்தானே.

குட்டிக்கு மிளகுத்தூளைத் தேன்ல குழைச்சுக் கொடு.

அக்கா


மார்ச் 3

அண்ணி,

அப்ப நீங்க கேக்கவே இல்ல. உங்க லெட்டர்லேயே அது இருக்கு. நான் பேசினப்போ நீங்க படியில நின்னு டயர்காரரைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தீங்க.

முழுசா எழுதறேன். கோபப்படாம படிங்க.

அன்னிக்கு மத்தியானம் குட்டியைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போனேன். "உங்க சொந்தக்காரர் முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே"ன்னாங்க டீச்சர். எனக்கு உயிரே போயிடுச்சு. வெளிய ஓடி வந்தா வண்டி கேட்டுக்குப் பக்கத்துலேயே நிக்குது. பின் சீட்டுல குட்டி, கையில பிஸ்கட் பாக்கெட், வாயெல்லாம் கிரீம். முன்னாடி அந்த ஒட்ட வெட்டின முடிக்காரர். "வாம்மா, அந்த டிவி ரூம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம். நீ பேசி முடிக்கிற வரைக்கும் பாப்பா வண்டியில உக்காந்து பிஸ்கட் சாப்பிடட்டும்." குரலை உசத்தவே இல்ல அண்ணி. என்ன பேசணும்னு வழியிலேயே சொல்லிக் கொடுத்தார். குட்டியும் கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

மாடி ஏறும்போது ஒண்ணும் தோணலை. நாற்காலியில உக்காந்த அப்புறம்தான் சுவத்தைப் பார்த்தேன். யார் பேச்சையும் வெட்ட மாட்டோம். அப்புறம் கேமராவுல சிவப்பு லைட். "சிவப்பு எரிஞ்சா அது கேட்டுக்கிட்டிருக்குன்னு அர்த்தம், யார் கேக்கலைன்னாலும் அது கேக்கும்"னு குட்டி அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார். நீங்க படிக்குப் போனீங்க. கம்ப்ரசர் ஓடிக்கிட்டிருந்துச்சு. வாசல்ல நின்னவருக்கு ஒண்ணும் கேக்காது. மைக் என் கழுத்துலேயே இருக்கு.

குனிஞ்சு, இருமுற மாதிரி வாயை மறைச்சுக்கிட்டு சொன்னேன். "இப்ப நான் பொய் சொல்லப் போறேன். என் பொண்ணு கீழே போலீஸ் வண்டியில இருக்கா. என் வீட்டுக்காரரை அடிச்சுத்தான் கொன்னாங்க. உடம்பைக் கழுவினவ நான், அவர் முதுகை என் கண்ணால பார்த்தேன். கைதட்டினதுக்கு அப்புறம் நான் சொல்றது எதையும் நம்பாதீங்க."

கம்ப்ரசர் நின்னுச்சு. நீங்க வந்து கைதட்டினீங்க.

அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல. பொய்யைத் தடுமாறாம சொன்னேன். சொல்லி முடிச்சுட்டு, ஏமாத்திட்டேண்டா உங்களைன்னு மனசுக்குள்ள சிரிச்சேன். பஸ்ஸுல குட்டியை மடியில வச்சுக்கிட்டு நல்லாத் தூங்கினேன், அவர் போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் தூங்கினேன்.

அது எங்க அண்ணி? அதை என்ன பண்ணினீங்க?


மார்ச் 9

அம்மாடி,

இல்ல. அது இல்ல.

உன் லெட்டர் வந்த உடனே ரூமுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர்ல தேடினேன், கார்டுல தேடினேன், தூக்கிப் போட்ட பழைய டிஸ்க்கை எல்லாம் கொட்டித் தேடினேன். நம்மகிட்ட இருக்கிறது ரெண்டே கார்டு. ஒளிபரப்பு முடிஞ்சா, போனதை மட்டும் கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்டு, கார்டை அழிச்சிட்டு அடுத்தவங்களை எடுப்போம். நீ பேசின கார்டுல இப்ப தையல் கடைக்காரர் இருக்கார். தெருவிளக்கு எரியலைன்னு கால் மணி நேரம் பேசியிருக்கார்.

கைதட்டுக்கு முன்னாடி இருக்கிறதை நான் பார்க்கிறதே இல்லம்மா. கேமராவை ஓட விடுவேன், கீழே சத்தத்தை நிறுத்துவேன், வந்து கைதட்டுவேன். அப்புறம் மெஷின்ல அந்தக் கைதட்டு எங்க இருக்குன்னு பார்த்து, அதுக்கு முன்னாடி இருக்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டு நறுக்கிடுவேன். கல்யாண வீடியோவுல பழகின கை. நாற்காலியை இழுக்கிறது, தொண்டையைக் கனைக்கிறது, கம்ப்ரசர் சத்தம். அதெல்லாம் பேச்சுன்னே நான் நினைச்சதில்ல. வெட்டறோம்னே தோணினதில்ல. வெங்காயம் உரிச்சா தோலைத் தூக்கிப் போடறதில்லையா, அந்த மாதிரி.

உன்னை என்னென்னமோ எழுதிட்டேன். அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியல.

இன்னொண்ணும் சொல்லணும். தம்பி கேஸை நடத்துற வக்கீலம்மா வந்தாங்க. போலீஸ்காரங்க நீ பேசினதையே கோர்ட்டுல கொடுத்துட்டாங்களாம். "இவங்க எதையும் வெட்டாத சேனல், சுவத்துலேயே எழுதியிருக்காங்க. அதுல பொண்டாட்டியே வந்து தன் வாயால சொல்லியிருக்கா. கேஸை மூடுங்க"ன்னு எழுதியிருக்காங்க. நம்ம சுவத்தை அவங்க போட்டோ எடுத்து ஒட்டியிருக்காங்க.

நான் போய் "வெட்டினேன்"னு சொன்னா என்ன ஆகும்னு கேட்டேன். அப்ப மத்த ரெக்கார்டிங்கும் வெட்டினதுதானேன்னு கேப்பாங்களாம். பெயிண்டர் அண்ணன் பையன் கேஸ் உனக்குத் தெரியுமில்ல. ஸ்டேஷன்ல அவன் காலை உடைச்சதைப் பார்த்த ஒரே ஆள் பால்காரர். நம்ம சேனல்ல பேசினார், அடுத்த மழையில காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துட்டார். இப்ப அந்த ரெக்கார்டிங்தான் சாட்சி. அது போனா அந்தப் பையனுக்கு ஒண்ணுமே கிடையாது.

என் தம்பிக்காக வாயைத் திறந்தா அந்தப் பையன் போறான். திறக்கலைன்னா தம்பி இதய நோயாளியாவே செத்தவனா இருப்பான், நீ அவனை வித்தவளா இருப்பே.

அக்கா


மார்ச் 17

அண்ணி,

பதில் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

தெரியாம நடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. தெரியாமத்தான். ஆனா என்னால உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுத முடியலை, எழுதினா அது பொய். பொய் சொன்னது போதும் எனக்கு. பிள்ளையை அவங்க கையில விட்டுட்டு நான் சொன்ன அந்த நாலு வார்த்தையை நீங்க வெங்காயத் தோல்னு எழுதறீங்க.

இங்க லாண்டரியில ஒருத்தி என் பக்கத்து மேஜையை விட்டு மாத்தித் தரச் சொல்லியிருக்கா. எப்படியோ இங்கயும் தெரிஞ்சுடுச்சு. அம்மா வெளிய போறதை நிறுத்திட்டாங்க.

பெயிண்டர் அண்ணன் பையனைப் பத்தி எழுதியிருந்தீங்க. அவன் நொண்டிக்கிட்டாவது வீட்டுக்கு வர்றானே அண்ணி. இப்படி எழுதறது பாவம்னு தெரியும். அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன், வேண்டாம், நீங்களாவது வெட்டாம படிங்க.

உங்க சுவத்தைக் காப்பாத்த அவரை இன்னொரு தடவை புதைக்காதீங்க. கோர்ட்டுக்குப் போங்க. நானும் வர்றேன். வெட்டினேன்னு நீங்க சொல்லுங்க, அதுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேன். உங்க பேச்சு மட்டும்னா பாதி, என் பேச்சு மட்டும்னா இன்னொரு பாதி. ரெண்டும் சேர்ந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தோணுது. எட்டாவது வரைக்கும் படிச்ச மூளைக்குத் தோணுறது, வக்கீலம்மாவைக் கேட்டுக்குங்க.

கைதட்டினது நீங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க.

நான்


மார்ச் 26

கண்ணு,

போறேன்.

வக்கீலம்மா உன் மூளையைப் புகழ்ந்தாங்க. நீயும் நானும் ஒரே நாள்ல சொன்னா கேஸை மூட முடியாதாம். கைதட்டுக்கு முன்னாடி என்னதான் இருந்துச்சுன்னு நீ சொல்லும்போது, அதுவே உன்னை மிரட்டினதுக்கும் சாட்சியாயிடுமாம். மத்த கேஸை எப்படியாவது போராடிப் பார்க்கலாம்னாங்க. எப்படியாவதுன்னு சொன்னப்போ என் முகத்தைப் பார்க்கலை.

பெயிண்டர் அண்ணன்கிட்ட நானே போய்ச் சொன்னேன். ஏதோ மருந்துக் கடை போர்டு எழுதிக்கிட்டிருந்தார். கேட்டுட்டு பிரஷ்ஷை ரொம்ப நேரம் டப்பாவுல கலக்கிக்கிட்டே இருந்தார். "உன் தம்பி எனக்கும் தம்பிதான்"னார். அப்புறம் திரும்பி போர்டை எழுத ஆரம்பிச்சுட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏப்ரல் 8 காலையில கோர்ட். நீ ஏழாம் தேதியே கிளம்பி வந்துடு. குட்டியைக் கூட்டிட்டு வா, ஸ்கூல்லயோ அம்மாகிட்டயோ விட்டுட்டு வராதே. கண்ணை விட்டு எடுக்காதே. பஸ் ஸ்டாண்டுக்கு டயர்காரர் வண்டி எடுத்துட்டு வர்றார். அவருக்கும் விஷயம் தெரியும். தன் கம்ப்ரசரைப் பார்த்தாலே எரிச்சலா வருதுன்றார் மனுஷன்.

அவன் ஷூவைத் துடைச்சு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ. அது உன்னோடதுதான்.

மன்னிக்க வேண்டாம். வந்தா போதும்.

அக்கா


ஏப்ரல் 10

நீ வரலை.

ஏழாம் தேதி கடைசி பஸ் வரைக்கும் டயர்காரர் நின்னு பார்த்துட்டு வந்தார். காலையில நேரா கோர்ட்டுக்கு வருவேன்னு நினைச்சேன். முதல்ல என்னைக் கூப்பிட்டாங்க. அவ வந்த அப்புறம் பேசறேன்னு வக்கீலம்மாகிட்ட கெஞ்சினேன், அதெல்லாம் நம்ம இஷ்டம் இல்லையாமே. வந்துக்கிட்டிருப்பான்னு நம்பி கூண்டுல ஏறிட்டேன்.

"வெட்டினீங்களா?"ன்னு கேட்டார் அவங்க வக்கீல்.

ஆமான்னேன்.

"எல்லாரோடதையும் வெட்டுவீங்களா?"

"கைதட்டுக்கு முன்னாடி இருக்கிறதை மட்டும்."

"அதுல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"பார்த்திருக்கீங்களா?"

நான் கதவைப் பார்த்தேன். யாரோ உள்ள வந்தாங்க, நீ இல்ல. இல்லைன்னு சொன்னேன். அவர் உக்காந்துட்டார். என்னை மிரட்டுவாங்க, கத்துவாங்கன்னு எதிர்பார்த்துப் போனேன். ஒருத்தரும் கத்தலை.

அப்புறம் உன் பேரைச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க.

தம்பி கேஸை மூடிட்டாங்க. இதய நோய். நேத்து பெயிண்டர் அண்ணன் பையன் கேஸ்ல பால்காரர் ரெக்கார்டிங்கைச் சாட்சியா எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னதையே அப்படியே படிச்சுக் காட்டினாங்களாம்.

சாயங்காலம் பெயிண்டர் அண்ணன் ரூமுக்கு வந்தார். கையில வெள்ளை பெயிண்ட். ஏணியைச் சுவத்துல சாய்ச்சார். நான் போய்ப் பிடிச்சுக்கிட்டேன், பிடிக்க வேற யார் இருக்கா. முதல் கோட்டுக்கு எழுத்து மறையலை. காயற வரைக்கும் ஏணி மேலேயே உக்காந்திருந்துட்டு ரெண்டாவது கோட் அடிச்சார். இறங்கி, கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார்.

கேபிள்காரர் அந்த நம்பரை எடுத்துக்கிட்டார். இப்ப அதுல விளம்பரம் ஓடுது.

ஏன் வரலைன்னு நான் கேக்கலை. கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. உயிரோட இருக்கேன்னு மட்டும் ஒரு வரி போடு.

அக்கா


ஏப்ரல் 21

அண்ணி,

உயிரோட இருக்கோம்.

ஏழாம் தேதி காலையிலேயே கிளம்பிட்டேன். குட்டி கையை விடவே இல்ல, நீங்க சொன்ன மாதிரி. டிக்கெட் எடுத்தாச்சு, பஸ் நிக்குது, ஆளுங்க ஏறிக்கிட்டிருக்காங்க. என் பையைத் தூக்கி மேலே வைக்கத்தான் அவ கையை விட்டேன்.

"பிஸ்கட் மாமா"ன்னு கத்திக்கிட்டு ஓடினா.

நான் திரும்பறதுக்குள்ள அவர் அவளைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டார். அதே ஆள்தான். இவ்வளவு தூரம் வந்திருக்கார். குட்டி அவர் பாக்கெட்டைத் துழாவுறா. அவரும் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் கொடுக்கறார். பார்க்கிறவங்களுக்குச் சொந்தக்காரங்கன்னுதான் தோணும். பக்கத்துல நின்ன ஒரு பாட்டி, மாமான்னா உயிர் போலிருக்குன்னு என்கிட்டயே சொல்லிச் சிரிச்சாங்க.

"எங்கம்மா இந்த வெயில்ல? பாப்பாவுக்கு ஒத்துக்காது. வீட்டுக்குப் போங்க"ன்னார். என் கையிலேர்ந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்துட்டு, கிழிக்காம, மடிச்சு என்கிட்டயே கொடுத்துட்டார்.

பஸ் கிளம்பிப் போச்சு. குட்டி அவர் தோள்ல உக்காந்துக்கிட்டு பஸ்ஸுக்கு டாட்டா காட்டினா.

அன்னிலேர்ந்து தினம் தெருமுனையில வண்டி நிக்குது. லெட்டரை லாண்டரித் துணியோட வச்சு ஒருத்தர் மூலமா போஸ்ட் பண்றேன். இனிமே அடிக்கடி எழுத முடியாது.

உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. எப்பப் போச்சுன்னு தெரியலை, தேடிப் பார்த்தா காணோம். பெயிண்டர் அண்ணன் பையனைப் பத்தி நான் எழுதினது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன வாரம் குட்டி ஒரு படம் வரைஞ்சா. கீழே அப்பான்னு எழுதினா. அதுல மீசை இருக்கு. அவர் என்னிக்கு அண்ணி மீசை வச்சார்? இது யாரு குட்டின்னு கேட்டேன். அப்பாதான்றா. போட்டோ காட்டினா, இது பேசலையே, சிரிக்கலையேன்றா. பிள்ளைக்கு அந்த ஆள் முகம்தான் நிக்குது.

அவ அப்பா முகம் தெரியற மாதிரி, பேசற மாதிரி, சேனல்ல எடுத்தது ஏதாவது ஒண்ணு அனுப்புங்க. எத்தனை வருஷம் எடுத்தீங்க, எவ்வளவோ இருக்குமே.

நான்


மே 6

கண்ணு,

உன் லெட்டரை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். ரூமைக் காலி பண்றதுக்குள்ள பார்த்துடணும்னு சாப்பாட்டைக் கூட அங்கயே வச்சுக்கிட்டேன்.

அவன் பண்ணின ஷோ எல்லாம் இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு. ஷூ பேசுது, செருப்பு அழுவுது, பூட்ஸ் நடக்குது. எல்லாத்துலயும் அவன் குரல் இருக்கு. அவன் கறுப்புத் துணிக்குப் பின்னாடி இருக்கான்.

கைதட்டுக்கு முன்னாடிதான் அவன் வெளிய நிப்பான். "அக்கா, மூக்கு பளபளக்குதா பாரு"ம்பான். துணிக்குப் பின்னாடி போறவனுக்கு மூக்கு எப்படி இருந்தா என்னடான்னு திட்டுவேன். அப்புறம் கேமராகிட்ட வந்து, லென்ஸைப் பார்த்து, குட்டி பேரைச் சொல்லி ஒரு முத்தம் கொடுப்பான். வீட்டுல அவ பார்ப்பாளாம். "அதை மட்டும் வெட்டிடாதே அக்கா"ன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லிட்டுத்தான் உள்ள போவான். சரி சரி போடான்னு கைதட்டுவேன்.

ஒவ்வொரு வாரமும் வெட்டியிருக்கேன். ஒண்ணு கூட மிச்சம் வைக்கலை. அவ்வளவு சுத்தமான வேலை.

ஒரே ஒரு ஷோவுல நான் முந்திக் கைதட்டிட்டேன் போலிருக்கு. ஆரம்பத்துல, கறுப்புத் துணிக்கு அடியில ஒரு கால் உள்ள போகுது. வெறுங்கால். குதிகால்ல பிளாஸ்திரி. கண் சிமிட்டினா போயிடும். இதை எப்படி வெட்டாம விட்டோம்னு அன்னிக்கு என் மேலயே எனக்குக் கோபம் வந்துச்சு, ஞாபகம் இருக்கு.

அதை ஒரு கார்டுல போட்டு, அவன் ஷூவுக்குள்ள வச்சு, டயர்காரர் கையில கொடுத்து அனுப்பறேன். குட்டியை உக்கார வச்சுக் காட்டு. முகம் எங்கேன்னு கேப்பா. அது அப்பா கால்தான்னு சொல்லு.

உன் அண்ணி